தாயத்தோடு செத்தவர்கள்

செத்துப்போனவர்களுக்காகச் செபிக்கலாமா கூடாதா என்ற வழக்கு எங்கள் குடும்பத்தில் தீர்ந்தபாடில்லை. அதற்கு அடியில் இன்னொரு வழக்கு கிடப்பதுதான் காரணம்: பைபிளில் மொத்தம் எத்தனை புத்தகம்? அம்மா பக்கத்துச் சனம் கத்தோலிக்கர்கள், அவர்களுக்கு 73. தங்கச்சியைக் கட்டிய மச்சான் பெந்தெகொஸ்தே சபை, அவருக்கு 66. இடையில் நிற்கும் ஏழு புத்தகங்களில் ஒன்று மக்கபேயர் இரண்டாம் நூல். இறந்தவர்களுக்காக மன்றாடுவது நல்லது என்று சொல்லும் இடம் அதில்தான் வருகிறது. ஆகவே தாத்தாவுக்கு முப்பதாம் நாள் பூசை வைப்பதா வேண்டாமா என்று ஆரம்பித்த பேச்சு, மலேசியாவின் நிபோங் திபாலில் ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டு முன்வாசலில், வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே, யூதர்களின் பைபிளில் எது இருந்தது, புராட்டஸ்டண்ட் பிரிவைத் தொடங்கிவைத்த லூத்தர் எதைத் தூக்கினார் என்று ஈராயிரம் வருடத்தைச் சுற்றிவிட்டு வந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்துத் தோட்டங்கள் முதலில் கரும்பாக இருந்து, ரப்பராகி, இப்போது செம்பனையாக நிற்கின்றன. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் போய்விட்டன. லயத்தில் இருந்தவரை கத்தோலிக்கன் என்றால் மாதம் ஒருமுறை ஃபாதர் வந்து பூசை வைக்கும் பலகைக் கொட்டகை, லூத்தரன் என்றால் இன்னொரு கொட்டகை, மற்ற எல்லாருக்கும் மாரியம்மன். யாரும் யாரிடமும் வசனம் கேட்டதில்லை. டவுனுக்குக் குடிவந்த பிறகுதான் கடைவீட்டு மாடிகளில் சபைகள் முளைத்தன. ஒரே குடும்பத்தில் மூன்று வேதாகமம் வந்தது. அப்புறம் வாட்சப் வந்தது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மாமாவின் கட்சி எளிமையானது. வட ஆப்பிரிக்காவில் ஆயர்கள் 393-இல் ஹிப்போவில் கூடினார்கள், 397-இல் கார்த்தேஜில் கூடினார்கள், இரண்டிலும் பட்டியல் போட்டார்கள், மக்கபேயர் அதில் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து வந்த லூத்தர் தனக்குப் பிடிக்காததைக் கிழித்துப் போட்டார். மச்சானின் கட்சியும் எளிமையானது. யூதர்களின் எபிரேய வேதத்தில் இந்த ஏழும் இல்லை; இயேசு இவற்றிலிருந்து ஒரு வசனத்தையும் வேதவாக்கியமாக எடுத்துச் சொல்லவில்லை; லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமே இவற்றைத் தள்ளிவைத்தார்; 1546-இல் திரெந்து நகரில் கூடிய ஆயர் சங்கத்தில்தான் ரோமாபுரிக்காரர்கள் இவற்றைச் சொருகினார்கள்.

இருவர் சொன்னதிலும் பாதி சரி. லூத்தர் கிழித்துப் போடவில்லை. 1534-இல் வந்த அவருடைய ஜெர்மன் பைபிளில் இந்தப் புத்தகங்கள் இருக்கின்றன. பரிசுத்த வேதத்துக்குச் சமமில்லை, ஆனால் வாசிக்க நல்லவை என்ற குறிப்போடு இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார். திரெந்தும் புதிதாகச் சொருகவில்லை. நூறு வருடம் முன்பு, 1442-இல் ஃபுளோரன்சில் கூடிய சங்கத்தில் சொன்ன அதே பட்டியலைத்தான், இந்த முறை மறுப்பவனுக்குச் சாபம் சேர்த்துச் சொன்னார்கள். ஜெரோம் தள்ளிவைத்தது உண்மை. தள்ளிவைத்தவரே இரண்டு ஆயர்கள் கேட்டுக்கொண்டதற்காக அந்த ஏழில் ஒன்றான தோபித்தை ஒரே நாளில் மொழிபெயர்த்துக் கொடுத்ததும் உண்மை. இன்னொன்று, மச்சானுக்கு நான் சொன்னபோது அவர் நம்பவே இல்லை: தமிழில் அச்சான முதல் புராட்டஸ்டண்ட் பழைய ஏற்பாட்டோடு இந்தப் புத்தகங்களும் வந்தன. தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு 1719-இல் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்துவிட்டுக் காலமானார். மீதியை முடித்த சூல்ட்சே 1728-இல் தரங்கம்பாடியில் தள்ளுபடி ஆகமங்கள் என்று சொல்லப்படும் இந்தப் புத்தகங்களையும் சேர்த்தே அச்சிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1826-இல், லண்டனில் இருந்த வேதாகமச் சங்கம் இவை சேர்ந்த பதிப்புக்குப் பணம் தரமாட்டோம் என்று முடிவெடுத்தது. ஊருலகம் முழுக்க மலிவு விலையில் பைபிளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தச் சங்கம்தான். 66 என்ற எண்ணிக்கை நம் கைக்கு இவ்வளவு உறுதியாக வந்து சேர்ந்ததில் இறையியலுக்கு எவ்வளவு பங்கோ, கணக்குப் புத்தகத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

யார் பட்டியல் சுத்தம்?

எங்கள் வரிசையில் கடைசி வீடு ஒரு ரிட்டையரான கிராணி ஐயாவுடையது. மலையாளி, சுரியானிக் கிறிஸ்தவர். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்னும் ஆள்கணக்கு எழுதிய காலத்திலிருந்தே தாத்தாவோடு பழக்கம். சாவுக்கு வந்தவர், இந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எங்க பழைய சுரியானி பைபிள்ல வெளிப்படுத்தல் கிடையாது, தெரியுமா?” என்றார். மாமாவும் மச்சானும் முதல் முறையாக ஒரே பக்கம் திரும்பினார்கள். அவர் சொன்னது சரிதான். பெஷீத்தா என்ற பழைய சுரியானிப் பிரதியில் புதிய ஏற்பாடு 22 புத்தகங்கள்தான். பேதுருவின் இரண்டாம் கடிதம், யோவானின் இரண்டும் மூன்றும், யூதா, வெளிப்படுத்தல் ஆகிய ஐந்தும் இல்லை. இப்போது கேரளத்துச் சுரியானிச் சபைகளும் 27-ஐயும் ஏற்கின்றன, அது வேறு விஷயம். இந்தப் பக்கம் எத்தியோப்பிய ஓர்த்தொடக்ஸ் சபையில் மொத்தம் 81, அதில் ஏனோக்கு ஆகமமும் சேர்த்தி. அந்த ஏனோக்கை யூதாவின் கடிதம் பெயர் சொல்லியே எடுத்துப் பேசுகிறது. மச்சானுடைய 66-க்குள்ளேயே.

புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் இன்று நாம் எண்ணுகிறபடியே முதலில் எழுதிவைத்தவர் என்று எல்லாரும் காட்டுவது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவை. 367-ஆம் வருட ஈஸ்டர் கடிதத்தில் எழுதினார். இரண்டு கட்சிக்காரர்களும் அவரைச் சாட்சிக்கு இழுப்பார்கள், பழைய ஏற்பாட்டுப் பகுதியை மட்டும் படிக்க மாட்டார்கள். அதில் அந்த ஏழில் ஒன்றான பாரூக்கை எரேமியாவோடு சேர்த்து உள்ளே வைத்திருக்கிறார். மச்சானுக்கு அது ஆகாது. இருவர் பட்டியலிலும் இருக்கிற எஸ்தரை வெளியே எடுத்து, தோபித்து, யூதித்து, ஞானம், சீராக் ஆகியவற்றோடு, புதிதாகச் சேருகிறவர்கள் வாசிக்கலாம் என்ற அடுக்கில் வைத்திருக்கிறார். அது இருவருக்குமே ஆகாது. மக்கபேயரைப் பற்றி மூச்சே விடவில்லை. மாமாவுக்கு அது ஆகாது. 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களிலும் இதே வேடிக்கை: எபிரேய வேதத்தின் புத்தகங்களில் எஸ்தர் ஒன்றுக்கு மட்டும் துண்டு கூடக் கிடைக்கவில்லை, தோபித்துக்குக் கிடைத்திருக்கிறது. அதை வைத்து எஸ்தரைத் தூக்கி எறிந்துவிட முடியாது. ஒரு குகையில் ஒன்று கிடைக்காமல் போக ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் ‘ஆதியிலிருந்து இதுதான் பட்டியல்’ என்று மேசையைத் தட்டுகிறவருக்கு முன்னால் வைக்க இது போதும்.

மாமாவைச் சும்மா விட எனக்கு மனசில்லை. வருடா வருடம் ஜூலை 26 வந்தால் குடும்பத்தோடு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர் அவர். எங்கள் தெருவில் இந்துக்களும் போவார்கள், சீனர்களும் போவார்கள், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரோடே தெரியாது. அந்த அன்னம்மாள், மரியாளின் தாய், 66-இலும் இல்லை, 73-இலும் இல்லை. பெயர் வருவது யாக்கோபின் முதல் நற்செய்தி என்று சொல்லப்படும் இரண்டாம் நூற்றாண்டு நூலில். அதை எந்தப் பெரிய சபையும் வேதமாக ஏற்கவில்லை. இதைச் சொன்னதும் மச்சான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மாமா அசரவில்லை. “பட்டியல்ல இல்லாட்டி அந்தம்மாவுக்கு அம்மாவே இல்லையா?” என்றார். விவாதத்தில் அது பதிலாகாது. ஆனாலும் எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

யாரும் படிக்காத அதிகாரம்

இத்தனை சண்டையிலும் மக்கபேயரை யாரும் படித்திருக்கவில்லை என்பதுதான் என்னை அரித்தது. மாமாவிடம் இருந்தது ஒரு மன்றாட்டுத் துண்டுப் பிரசுரம். அதில் இறந்தோருக்காக மன்றாடுவது புனிதமான எண்ணம் என்ற ஒற்றை வரியும் அதிகார எண்ணும் மட்டும் இருந்தன. மச்சானிடம் இருந்தது அந்த வரியை மறுக்கும் ஒரு வீடியோ. எல்லாரும் தூங்கப் போன பிறகு மாமாவின் திருவிவிலியத்தை எடுத்து இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். அதில் யூதர்களின் தலைவன் யூதா மக்கபேயின் படை எதிரித் தலைவன் கோர்கியாவோடு மோதுகிறது, சிலர் சாகிறார்கள். ஓய்வுநாள் கழிந்து, செத்தவர்களை எடுத்து அவரவர் முன்னோரோடு அடக்கம் செய்யப் போகிறார்கள். உடலைத் தூக்கும்போது பார்த்தால், ஒவ்வொருவர் சட்டைக்கு அடியிலும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து. திருச்சட்டம் தடுத்த பொருள். இதனால்தான் இவர்கள் செத்தார்கள் என்று எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது. அந்த இடத்தில் யூதா ஆளுக்கு ஆள் வசூல் செய்து, இரண்டாயிரம் வெள்ளிக் காசுகளை எருசலேமுக்கு அனுப்புகிறான், அவர்களுடைய பாவத்துக்காகப் பலி கொடுக்கச் சொல்லி. மாமாவின் துண்டுப் பிரசுரத்து வரி இதற்கு அப்புறம்தான் வருகிறது.

தாத்தா, பிரெஞ்சு குருக்கள் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றிய பாகான் செராய் சூசைப்பாளையத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பூசை தப்பமாட்டார். ஆனால் விடியும் முன்னே தலைவிளக்கோடு பால்மரம் வெட்டப் போன ஆள். பாம்பு உண்டு, காட்டுப்பன்றி உண்டு, கண்ணுக்குத் தெரியாததும் உண்டு. தோட்டத்து எல்லையில் முனியாண்டி இருந்தார். தாத்தா அவருக்குச் சுருட்டு வைப்பார், கோயில் பூசாரி மந்திரித்துக் கொடுத்த வெள்ளித் தாயத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்து வலது கையில் கட்டியிருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது செபிக்க வந்த ஒரு குழு அதை அறுக்கப் பார்த்தது. கையை இழுத்துக்கொண்டுவிட்டார். குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்கும்போதும் அது கையில்தான் இருந்தது. முழுக்கைச் சட்டையின் கையை இழுத்து அதை மறைத்துவிட்டவர் மாமா. ஃபாதர் கண்ணில் படக்கூடாது என்று.

மறுநாள் காலையில் மாமாவிடம் அந்த அதிகாரத்தைப் படித்துக் காட்டினேன். தாயத்து வரும் இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார். “அவங்களும் கட்டியிருந்தாங்களா?” என்று கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவர் அந்த வரியை இத்தனை வருடம் ஒரு ஆயுதமாக வைத்திருந்தார். அது யாரைப் பற்றியது என்று கேட்டதில்லை. தாத்தாவைப் போன்ற ஆட்களைப் பற்றியது. நம் ஆள்தான், நமக்காக நின்றவன்தான், ஆனால் சட்டைக்கு அடியில் வேறொன்றும் வைத்திருந்தான். அவனை என்ன செய்வது என்பதுதான் அங்கே கேள்வி.

மச்சான் அதையும் விடவில்லை. அவர் படிக்கிறவர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். “விக்கிரக வழிபாடு சாவான பாவம்னு உங்க சபையே சொல்லுது. சாவான பாவத்துல செத்தவனுக்கு உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாதே மாமா. அப்போ இந்த வசனம் உங்களுக்கே உதவாதே?” என்று கேட்டார். சரியான அடி. உத்தரிக்கிற ஸ்தலம் என்பது செத்தவர்கள் பரலோகம் போகுமுன் பாவக் கறை தீர்க்கும் இடம், செபமும் பூசையும் அங்கே இருப்பவர்களுக்காகத்தான். கத்தோலிக்க இறையியலாளர்கள் இதற்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள், சாகும் நிமிடத்தில் மனம் திரும்பியிருக்கலாம் என்று. மாமாவுக்கு அதெல்லாம் தெரியாது. “யூதா காசு வசூல் பண்ணும்போது இந்தக் கணக்கெல்லாம் பாத்தான்னு நினைக்கிறியா மாப்ளே?” என்றார். இந்தப் பகுதி எந்தப் பக்கத்துக் கோட்பாட்டுக்கும் சரியாக உட்கார மறுக்கிறது. யாரோ ஒரு கோட்பாட்டுக்கு ஆதாரம் தேவைப்பட்டு இட்டுக்கட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. நம்பகத்தன்மை என்ற சொல்லை நான் வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்தது இங்கேதான்.

சுமாராக இருந்தால்

இந்த நூல் வேதமல்ல என்பதற்கு மச்சானின் வீடியோ காட்டிய பெரிய ஆதாரம் அதன் கடைசிப் பத்தி. நூலாசிரியர் முடிக்கும்போது சொல்கிறார்: நன்றாக அமைந்திருந்தால் நான் விரும்பியதும் அதுதான், சுமாராக இருந்தால், என்னால் முடிந்தது அவ்வளவுதான். சிரேனே ஊர் யாசோன் ஐந்து தொகுதியாக எழுதியதை ஒரே நூலாகச் சுருக்கியவர் இவர். அதற்குத் தூக்கம் கெட்டு வியர்வை சிந்தியதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பரிசுத்த ஆவி எழுதவைத்த ஒருவர் இப்படி மன்னிப்புக் கேட்பாரா என்பது மச்சானின் கேள்வி.

கேட்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டு பேரும் வேதம் என்று ஒப்புக்கொள்கிற புத்தகத்திலேயே கேட்டிருக்கிறார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முதல் அதிகாரத்தில் பவுல், கிறிஸ்பு, காயு இருவரைத் தவிர உங்களில் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, ஆமாம், ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்கிறார். அதற்கும் மேல், வேறு யாருக்காவது கொடுத்தேனா, நினைவில்லை என்கிறார். பவுலுடைய மறதி! அதைத் திருத்திச் சுத்தமாகப் படியெடுக்க எத்தனை பேருக்கு வாய்ப்பு இருந்திருக்கும், யாரும் செய்யவில்லை. லூக்கா, பலர் எழுதிவிட்டார்கள், நானும் விசாரித்து வரிசையாக எழுதுகிறேன் என்று ஒரு நிருபர் மாதிரித் தொடங்குகிறார்.

நான்கு நற்செய்திகள் ஒன்றுக்கொன்று இடிப்பதைக் காட்டிப் பைபிளை நம்பாதே என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் ஆபீசில் அப்படி ஒரு நண்பர் இருக்கிறார், காப்பி குடிக்கும் நேரமெல்லாம் யூதாஸ் எப்படிச் செத்தான் என்று கேட்பார். மத்தேயுவில் நான்றுகொண்டு சாகிறான், அப்போஸ்தலர் நடபடிகளில் விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான், எது சரி? அவருக்கு நான் தாத்தியானைப் பற்றிச் சொல்வேன். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் பின்னி, முரண்களை இழைத்து, ஒரே கதையாகச் செய்துகொடுத்தார். தியாத்தெசரோன் என்று பெயர். சுரியானிச் சபைகள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் கோயிலில் வாசித்தன. வாசிக்க நன்றாக இருந்தது, குழப்பமில்லாமல் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் சீருஸ் ஆயர் தியோதொரேத்து இருநூறுக்கு மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி அகற்றிவிட்டு, தனித்தனி நான்கு நற்செய்திகளைத் திரும்ப வைத்தார். தாத்தியான் தவறான போதனைக்காரர் என்ற குற்றச்சாட்டு இருந்தது என்பதும் ஒரு காரணம்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் இடிக்காத ஒரு பிரதி அவர்கள் கையில் இருந்தது. இடிக்கிற நான்கைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஒரு கேசில் நான்கு சாட்சிகளும் வார்த்தை பிசகாமல் ஒரே மாதிரி சொன்னால் எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் சந்தேகம் வரும்.

இதனால் பைபிளில் சொன்னதெல்லாம் நடந்தது என்று நிரூபணமாகிவிடவில்லை. மாற்கு கடைசி அதிகாரத்தின் கடைசி பன்னிரண்டு வசனங்கள் சினாய், வத்திக்கான் என்ற இரண்டு பழம்பெரும் பிரதிகளிலும் இல்லை. நவமான பாஷை பேசுவார்கள், பாம்பைப் பிடிப்பார்கள், வியாதியஸ்தர் மேல் கை வைப்பார்கள் என்று மச்சானின் சபைச் சுவரில் பெரிதாக எழுதியிருப்பது அந்த வசனங்கள்தான். அதைக் கிராணி ஐயா நோண்டிக் கேட்டபோது மச்சான் முகம் சுண்டிப்போனது. “பிரதியில இல்லாட்டியும் சபை வாசிச்சிருக்குல்ல?” என்றார். மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அதத்தானே மாப்ளே நான் மக்கபேயருக்குச் சொல்றேன்?” அன்றைக்கு அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சாப்பாடு வந்துவிட்டது.

என் நிலையைக் கேட்டால், பட்டியல் வேறு, நம்பிக்கை வேறு. பட்டியலைச் சபைகள்தான் வாசித்து வாசித்து உண்டாக்கின, வெவ்வேறு ஊரில் வெவ்வேறாக. சங்கங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வாசிப்பில் இருந்ததற்கு முத்திரை வைத்தன. அது தெரிந்தால் நம்பிக்கை போய்விடும் என்று இரண்டு பக்கமும் பயப்படுகிறார்கள், அதனால்தான் குரல் உயர்கிறது. எனக்குப் போகவில்லை. ஏழு பிள்ளைகளையும் கண் முன்னே கொல்லக் கொடுத்து, கடைசிவரை விட்டுக்கொடுக்காத தாயின் கதை மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. விடுதலையை ஏற்காமல், மேலான உயிர்த்தெழுதலுக்காக வதைக்கப்பட்டவர்கள் என்று எபிரெயர் நிருபம் பதினோராம் அதிகாரம் ஒரு வரி சொல்வது அவர்களை நினைத்துத்தான் என்று இரண்டு பக்கத்து உரையாசிரியர்களும் எழுதுகிறார்கள். கதையை வெளியே வைத்துவிட்டு, அந்த வரியை மட்டும் உள்ளே வைத்திருக்கிறது 66. மச்சானிடம் நான் கேட்டதெல்லாம், சண்டைக்காக வேண்டாம், கதைக்காக அந்த ஏழையும் ஒருமுறை படியுங்கள் என்பதுதான்.

முப்பதாம் நாள் பூசை நடந்தது. மச்சான் வந்தார், முழங்கால் போடவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போனார். சில மாதம் கழித்து ஒரு ராத்திரி போன் வந்தது. அவருடைய அம்மாவுக்கு இனிப்பு நீர் வியாதி ஏறிக்கிடந்தது. அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைத் தொடாமல், கர்த்தர் சுகமாக்கிவிட்டார் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். “மச்சான், வைத்தியனை மதிக்கணும், அவனையும் ஆண்டவர்தான் படைச்சார்னு ஒரு இடம் படிச்சேனே, அது எதுல வருது?” என்று கேட்டார். சீராக், முப்பத்தெட்டாம் அதிகாரம் என்றேன். பூமியிலிருந்து மருந்தை உண்டாக்கியவரே ஆண்டவர், புத்தியுள்ளவன் அதை வெறுக்கமாட்டான் என்றும் அதில் வரும் என்றேன். அவர் அதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். எந்தப் புத்தகம் என்று மட்டும் போடவில்லை. அத்தை அதை நீதிமொழிகள் என்று நினைத்துக்கொண்டு மாத்திரை போட ஆரம்பித்துவிட்டார்களாம். “நான் ஒண்ணும் பொய் சொல்லல மச்சான், அவங்க கேக்கல,” என்றார்.